ஊர் கூடி இழுக்க எந்த வடம்?



ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். சரி. ஊர் கூடவே முடியாது, ஆளுக்கு ஒரு திசையில் இருக்கிறார்கள் என்றால் தேரை எப்படி இழுப்பது? சிரிக்காதீர்கள். இன்றைக்குப் பல கம்பெனிகள் அப்படித்தான் நடக்கின்றன. டிசைன் ஒரு ஊர், ஒர்க்ஷாப் ஒரு ஊர், மெஷின் போய் உட்காரும் இடம் மூன்றாவது ஊர், பணம் கொடுக்கும் கஸ்டமர் வேறு நாடு! இத்தனை பேரையும் கட்டி இழுக்கும் வடம் எது? செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் ஓடுகிற குரூப் சாட்தான்.

"காலையில் எழுந்ததும் பார்க்கிற கருமத்தைப் பற்றி ஆண்டு மலரில் ஒரு கட்டுரையா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்னும் சில மாதங்களில் நம்மில் பலர் வேலைக்குப் போகப் போகிறோம். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் வருவது ஒரு ஊரிலிருந்து, வேலை செய்வது இன்னொரு ஊரில், மேலதிகாரி இருப்பது எங்கேயோ! டிப்ளமோ படித்தவனைத் தலைமை அலுவலகத்தில் ஏ.சி. அறையில் உட்கார வைப்பது அபூர்வம். சைட்டுக்கு, சர்வீஸுக்கு, நைட் ஷிப்டுக்கு என்றுதான் அனுப்புவார்கள். ஆகவே சாட் கருவி சரியில்லை என்றால் முதலில் அடிபடுவது நாம்தான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எது எல்லார் போனிலும் இருக்கு?", "எது ஓசி?" என்று கேட்டு வேலைக்கான சாட் கருவியைத் தேர்ந்தெடுப்பது தவறு. "பேச்சு நடந்தபோது அங்கே இல்லாதவனுக்கு விஷயம் போய்ச் சேருமா?" என்று கேட்க வேண்டும். இல்லாதவன் என்றால் மூன்று பேர். நைட் ஷிப்டில் போனை லாக்கரில் வைத்துவிட்டு நிற்பவன் ஒருவன். அடுத்த மாதம் வேலைக்குச் சேரப் போகிறவன் ஒருவன். போன மாதம் வேலையை விட்டுப் போனவன், அதாவது அவன் விட்டுச் சென்ற தகவல், மூன்றாவது. இந்த மூன்று பேருக்கும் பதில் சொல்லாத கருவி எத்தனை அழகாக இருந்தாலும் வேலைக்கு ஆகாது.

50 மீட்டரும் 500 கிலோமீட்டரும்

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த தாமஸ் ஆலன் ஆராய்ச்சிக் கூடங்களில் வேலை பார்க்கும் இன்ஜினியர்கள் ஒருவரோடு ஒருவர் எவ்வளவு பேசுகிறார்கள் என்று கணக்கெடுத்தார். 1977-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். மேஜைகளுக்கு இடையே தூரம் கூடக் கூடத் தொழில் பற்றிய பேச்சு சடசடவென்று குறைகிறது. 50 மீட்டருக்கு அப்பால் போனால் அடிக்கடி பேசிக்கொள்வதே அரிதாகிவிடுகிறது. இதுதான் அவர் கண்டது. ஒரே காம்பவுண்டுக்குள் 50 மீட்டருக்கே இந்தக் கதி என்றால் 500 கிலோமீட்டருக்கு?

பக்கத்து மேஜைக்காரனிடம் எட்டிக் கேட்டால் முடிகிற விஷயம், வேறு ஊரில் இருப்பவனுக்கு எழுத்தாகத்தான் போக வேண்டும். எழுத்தாகப் போவதிலும் இரண்டு வகை. காற்றோடு போகும் எழுத்து ஒன்று, ஏட்டில் நிற்கும் எழுத்து ஒன்று. குரூப் சாட்டின் வரலாறே இந்த இரண்டுக்கும் நடந்த இழுபறிதான்.

விளையாட்டு வியாபாரமான கதை

1988-ல் பின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தில் ஜார்க்கோ ஓய்கரினென் என்பவர் ஐ.ஆர்.சி. என்ற சாட் முறையை எழுதினார். பல ஊர்க்காரர்கள் ஒரே 'சானலில்' கூடிப் பேச அது வழி செய்தது. ஆனால் ஒரு குறை. அந்த நேரத்தில் நீங்கள் இணைப்பில் இல்லை என்றால் பேச்சு உங்களுக்குக் கிடையாது. கல்யாண வீட்டுக்குப் பந்தி முடிந்து போன மாதிரி!

பிற்பாடு ஸ்டூவர்ட் பட்டர்பீல்டு என்பவரின் கம்பெனி, 'கிளிட்ச்' என்றொரு கம்ப்யூட்டர் விளையாட்டைத் தயாரித்தது. ஆட்கள் கனடாவின் வான்கூவரிலும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவிலுமாகப் பிரிந்து இருந்தார்கள். பேச்சு ஐ.ஆர்.சி.யில். பேசியது மறைந்து போவது தொல்லையாக இருந்ததால், தங்கள் சௌகரியத்துக்காகப் பேச்சைச் சேமிக்கவும் பிறகு தேடவும் வசதிகளை ஒவ்வொன்றாக ஒட்டுப் போட்டுக்கொண்டார்கள். 2012-ல் விளையாட்டு படுத்துவிட்டது. ஆனால் ஒட்டுப் போட்ட அந்தக் கருவி எழுந்து நின்றது! அதைத்தான் ஸ்லாக் என்ற பெயரில் 2014-ல் எல்லாருக்குமாக வெளியிட்டார்கள். 2021-ல் சேல்ஸ்போர்ஸ் கம்பெனி அதை ஏறக்குறைய 2,770 கோடி டாலருக்கு வாங்கியது.

ஸ்லாக் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளை விரித்தால், 'பேசியது, தெரிந்தது அத்தனையையும் தேடி எடுக்கக்கூடிய பதிவேடு' என்று பொருள் வரும். கவனியுங்கள் நண்பர்களே, 'பதிவேடு' என்றுதான் பெயர் வைத்தார்கள். அவ்வளவு பணமும் அந்தப் பதிவேட்டுக்குத்தான் என்பது என் எண்ணம்.

ஒர்க்ஷாப்பில் பார்த்தது

பதிவேடு இல்லாவிட்டால் என்ன ஆகும்? இன்பிளான்ட் டிரெயினிங்கின்போது கண்ணால் பார்த்தேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். டிசைன் ஆபீஸ் சென்னையில், ஒர்க்ஷாப் கோயம்புத்தூர்ப் பக்கம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வாட்ஸ்அப் குரூப். மெஷின் டிராயிங், லீவு லெட்டர், பிறந்தநாள் வாழ்த்து, 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூ, எல்லாம் அதில்தான்.

ஒருநாள் இரவு 10.40 மணிக்குச் சென்னையிலிருந்து ஒரு டிராயிங் வந்தது. ஃபிளேஞ்ச் ஒன்றில் போல்ட் துளைகள் அமையும் வட்டத்தின் விட்டம் 180 மில்லிமீட்டராக இருந்ததை 190 ஆக்கியிருந்தார்கள். ரிவிஷன் 3. டிரில்லிங் மெஷினில் அன்று நைட் ஷிப்ட் நின்றவர் கான்ட்ராக்ட் தொழிலாளி, நல்ல கைத்திறமை உள்ளவர். கையில் இருந்த ரிவிஷன் 2 பேப்பரைப் பார்த்து விடிய விடியத் துளை போட்டார். காலையில் 24 ஃபிளேஞ்சும் ஸ்கிராப்!

"குரூப்ல போட்டேனே, பாக்கலையா?" என்று போனில் கத்தினார் டிசைன் ஆள்.

"நான் நைட் ஷிப்டுங்க. போனு லாக்கர்ல இருந்துச்சுங்க. காலைல எடுத்துப் பாத்தா நூத்தி நாப்பது மெசேஜுங்க. அதுல எதைன்னு பாக்கறதுங்க?" என்றார் இவர்.

மெஷின் பக்கம் போன் கொண்டு போகக் கூடாது என்று விதி போட்டது யார்? கம்பெனி. போனில்தான் டிராயிங் வரும் என்று முடிவு செய்தது யார்? அதே கம்பெனி. ஆனால் இரண்டு நாள் கூலி போனது யாருக்கு? டிரில்லிங் மெஷின்காரருக்கு! 'குரூப்பில் போட்டாச்சு' என்ற ஒரே வார்த்தையில் பொறுப்பு முழுவதும் அனுப்பியவர் கையிலிருந்து நழுவி, படிக்க முடியாதவர் தலையில் விழுந்துவிட்டது. இது அநியாயம் இல்லையா?

அதே குரூப்பில் இன்னொரு கொடுமை. வெளி சப்ளையர்கள் முப்பது பேரும் அதில்தான் இருந்தார்கள். ஸ்டோரில் வேலை பார்த்த அக்கா ஒருவரின் செல் நம்பர் அத்தனை பேருக்கும் போய், ராத்திரியில் வேண்டாத அழைப்புகள் வந்தன. அவர் குரூப்பை விட்டு வெளியேறினால் "வேலையில் ஒத்துழைப்பு இல்லை" என்கிறார்கள். இருந்தால் நிம்மதி இல்லை.

வாட்ஸ்அப் போதாதா?

"அதெல்லாம் சரிப்பா. எழுதப் படிக்கத் திணறுகிற ஹெல்ப்பர்கூட வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார். புதிதாக யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. காசும் கிடையாது" என்று சிலர் வாதாடுவார்கள். நியாயமான வாதம். அவசரத்துக்குக் கூப்பிட, "லாரி கிளம்பிடுச்சு" என்று சொல்ல, வாட்ஸ்அப்பை மிஞ்ச ஆளில்லை. 2016 முதல் அதில் பேச்சு வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டியே போகிறது. அதுவும் நல்லதே.

ஆனால் பேசுவது வேறு, முடிவெடுத்துப் பதிவு செய்வது வேறு. புதிதாகச் சேர்கிறவனுக்குப் பழைய பேச்சு முழுவதும் தானாகக் கிடைக்காது. வேலையை விட்டவர் போனோடு சைட் போட்டோக்களும் போய்விடும். பெரிய இடங்களே இதில் வழுக்கி விழுந்திருக்கின்றன. வங்கிகளிலும் தரகு நிறுவனங்களிலும் வேலை பார்த்தவர்கள் சொந்த போனில், வாட்ஸ்அப்பில் வியாபாரம் பேசினார்கள். விதிப்படி அதற்குப் பதிவு வைக்கவில்லை. இதற்காக 2022 செப்டம்பரில் அமெரிக்கக் கண்காணிப்பு ஆணையங்கள் இரண்டும் சேர்ந்து விதித்த அபராதம் 180 கோடி டாலருக்கு மேல்!

நம்மூர் உதாரணமே ஒன்று இருக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலும் அலுவலகம் நடத்துகிற ஜோஹோ கம்பெனி 2021-ல் 'அரட்டை' என்ற செயலியைக் கொண்டுவந்தது. பெயரே சொல்கிறது, அது அரட்டைக்கு. வேலைக் குழுக்களுக்கு என்று அதே கம்பெனி தனியாக வைத்திருப்பது 'கிளிக்'. செய்தவர்களே இரண்டையும் பிரித்து வைத்திருக்கும்போது, நாம் ஏன் ஒரே பானையில் சோற்றையும் சாக்கடையையும் கலக்க வேண்டும்?

ஓசியும் ஒருநாள் முடியும்

வேலைக்கென்றே செய்த கருவி என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடலாமா? அதுவும் கூடாது. ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 2022 செப்டம்பர் முதல் கடைசி 90 நாள் பேச்சைத்தான் பார்க்க முடியும் என்று ஆக்கினார்கள். 2024 ஆகஸ்டிலிருந்து இலவசக் கணக்குகளில் ஓராண்டுக்கு மேற்பட்ட பேச்சை அழிக்கவே தொடங்கினார்கள். பதிவேடு என்று பெயர் வைத்த கருவியிலேயே ஓசிக்காரனுக்குப் பதிவேடு இல்லை!

கடையையே மூடியவர்களும் உண்டு. ஹிப்சாட் 2019 பிப்ரவரியில் போனது. கூகுளின் ஹேங்அவுட்ஸ் 2022-ல் போனது. ஊருக்கே தெரிந்த ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டது. வாட்ஸ்அப்பின் தாய்க் கம்பெனியான மெட்டா, அலுவலகங்களுக்கென்றே நடத்திய ஒர்க்பிளேஸை மூடப்போவதாக 2024 மே மாதம் அறிவித்தது. வாடகை வீட்டில் குடியிருப்பவன், காலி செய்யச் சொன்னால் சாமானை எடுத்துக்கொண்டு போக வழி இருக்கிறதா என்று பார்த்துத்தானே குடிபுகுவான்? சாட் கருவியும் அப்படித்தான். ஜூலிப், மேட்டர்மோஸ்ட் போன்றவற்றின் மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். ஆனால் அந்த சர்வரைப் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும். அதுவும் செலவுதான்.

ஜூலிப்பில் எனக்குப் பிடித்த அம்சம், சானலில் போடும் மெசேஜ்கள் தலைப்பு வாரியாகப் பிரிந்து நிற்கும். 'ஃபிளேஞ்ச் ரிவிஷன்' என்று தலைப்பு இருந்தால், மறுநாள் வருகிறவன் அதை மட்டும் திறந்து படிக்கலாம். ரஸ்ட் என்ற கம்ப்யூட்டர் மொழியை வளர்க்கிறவர்கள் பல நாடுகளில் இருந்துகொண்டு ஜூலிப்பில்தான் கலந்து பேசுகிறார்கள். ஒருவர் தூங்கும்போது ஒருவர் விழித்திருக்கும் கூட்டத்துக்குத் தலைப்பு இல்லாமல் முடியாது.

ஐந்து சோதனைகள்

எந்தக் கருவி நல்லது என்று பெயர் சொல்லி முடிக்க மாட்டேன். பதினைந்து பேர் ஒர்க்ஷாப்புக்குப் பொருந்துவது ஆயிரம் பேர் கம்பெனிக்குப் பொருந்தாது. ஆனால் இந்த ஐந்து சோதனையை யாரும் செய்து பார்க்கலாம். லேபில் டென்சைல் டெஸ்ட் செய்யாமல் கம்பியை நம்புகிறோமா?

1. ஒருவர் ஒருநாள் முழுக்க போனை அணைத்து வைக்கட்டும். மறுநாள் பத்து நிமிஷத்தில், யாரையும் கேட்காமல், நேற்று என்ன முடிவானது என்று அவரால் சொல்ல முடிகிறதா?

2. புதிய ஆள் ஒருவரைச் சேருங்கள். அவருக்கு வேண்டிய பழைய பேச்சு கிடைக்கிறதா? சப்ளையர் போன்ற வெளியாட்களுக்கு வேண்டாதது மறைந்திருக்கிறதா?

3. ஒருவரை நீக்குங்கள். அவர் அனுப்பிய டிராயிங்கும் போட்டோவும் குழுவிலேயே தங்குகிறதா?

4. இருப்பதிலேயே மலிவான போனை எடுத்துக்கொண்டு, இருப்பதிலேயே சிக்னல் மோசமான இடத்துக்குப் போங்கள். டிராயிங் திறக்கிறதா? பெரிதாக்கினால் 180, 190 என்ற எண் தெளிவாகத் தெரிகிறதா? தமிழில் எழுதியதைத் தமிழில் தேடினால் கிடைக்கிறதா?

5. மொத்தப் பேச்சையும் வெளியே எடுத்து நம் கம்ப்யூட்டரில் வைக்க முடிகிறதா?

நாலாவது சோதனையை மேனேஜர் ஏ.சி. அறையில் உட்கார்ந்து செய்யக் கூடாது. சைட்டில் இருப்பவர்தான் செய்ய வேண்டும். கருவியைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் அவருக்கு ஒரு நாற்காலி இல்லை என்றால் அந்தத் தேர்வே செல்லாது என்பேன்.

கத்தி மட்டும் சமைக்காது

நல்ல கருவி வாங்கிவிட்டாலே எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. 2025 மார்ச்சில் அமெரிக்காவின் பெரிய அதிகாரிகள் ஏமன் நாட்டுத் தாக்குதலைப் பற்றி சிக்னல் செயலியில் குரூப் வைத்துப் பேசினார்கள். பாதுகாப்புக்குப் பேர்போன செயலி. ஆனால் அந்தக் குரூப்பில் 'தி அட்லாண்டிக்' பத்திரிகையின் ஆசிரியரையும் தவறுதலாகச் சேர்த்துவிட்டார்கள்! பூட்டு நல்ல பூட்டுதான், சாவியைக் கொடுத்த ஆள்தான் மாறிப்போனது. யார் யாரைச் சேர்க்கலாம் என்ற விதியைக் கருவி போட்டுத் தராது. நாம்தான் போட வேண்டும்.

ஒரே கருவியை மலை போல் நம்புவதும் கூடாது. 2021 அக்டோபர் 4 அன்று வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. அன்றைக்கு மாற்று வழி வைத்திருந்தவர்களுக்கு வேலை நடந்தது. முக்கியமான போன் நம்பர்களைப் பேப்பரில் எழுதிச் சுவரில் ஒட்டுவது பழைய காலத்து வழக்கம் என்று இளக்காரமாக எண்ண வேண்டாம்.

இன்னொன்று, நேரம். வேறு வேறு ஊரில் இருக்கிறார்கள் என்பதற்காக எல்லாரும் எப்போதும் விழித்திருக்க வேண்டுமா? பிரான்சில் 2017 முதல், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல், வேலை நேரம் முடிந்தபின் தொடர்பை விலக்கிக்கொள்ளும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. ஜேசன் ஃபிரைடு என்பவரின் கம்பெனி 2006-லேயே கேம்ப்ஃபயர் என்ற சாட் கருவியை விற்றது. அவரே 2016-ல், குரூப் சாட் என்பது நாள் முழுக்க நடக்கும், அஜெண்டாவே இல்லாத மீட்டிங் மாதிரி என்று எச்சரித்து எழுதினார். விற்றவரே சொல்கிறார்! பதிவேடு சரியாக இருந்தால் ராத்திரி 11 மணிக்கு யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. காலையில் வந்து படித்துக்கொள்வான். ஆகவே இல்லாதவனை நினைத்துத் தேர்ந்தெடுக்கும் கருவி, இருப்பவனுக்கும் தூக்கம் தரும்.

நாம் என்ன செய்யலாம்?

"நாம் என்ன முதலாளியா, கருவியைத் தேர்ந்தெடுக்க?" என்று கேட்கிறீர்களா? உண்மைதான். ஆனால் நம் பிராஜக்ட் பேட்சுக்கு நாமே முதலாளி! ஐந்து பேரில் ஒருவன் பஸ்ஸில், ஒருவன் ஹாஸ்டலில், ஒருவன் பார்ட் டைம் வேலையில். நாமும் வேறு வேறு ஊர்க்காரர்கள்தானே? இந்த ஆண்டு பிராஜக்ட்டுக்கு அரட்டை குரூப் ஒன்று, வேலைக்கு ஒன்று என்று பிரித்துப் பாருங்கள். வேலைக் குரூப்பில் தலைப்பு இல்லாமல் மெசேஜ் போடக் கூடாது, முடிவானதைப் பேசியவனே ஒரு வரியில் தமிழில் எழுத வேண்டும், படித்தவன் 'படித்தேன்' என்று பதில் போட வேண்டும். இந்த மூன்று விதி போதும். 'படித்தேன்' வராதவரை விஷயம் போய்ச் சேரவில்லை என்றே அர்த்தம். அனுப்பியவன் போனைப் போட்டுக் கேட்கட்டும்!

அப்புறம் கேம்பஸ் இன்டர்வியூ. கடைசியில், "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். நாம் வழக்கமாக "ஒன்றும் இல்லை சார்" என்று எழுந்து வந்துவிடுவோம். இனி அப்படி வர வேண்டாம். "சார், எனக்கு வரும் வேலை உத்தரவும் டிராயிங் மாற்றமும் எங்கே பதிவாகும்? நான் ஷிப்டில் இல்லாதபோது வந்ததை எங்கே பார்க்க வேண்டும்?" என்று பணிவாகக் கேளுங்கள். கேள்வி சின்னதுதான். பதில் சொல்லத் தெரிந்த கம்பெனியில் நம் கூலி பத்திரமாக இருக்கும். "அதெல்லாம் குரூப்ல வரும்பா" என்று பதில் வந்தால், நீங்களாகவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், சொன்னவர், சொன்னது என்று நாலு கட்டம் போட்டு முதல் நாளிலிருந்தே எழுதி வாருங்கள்.